ஆயுதக் கப்பலும் துறைமுகத் தொழிலாளியும்

இஸ்ரேலுக்கு ஆயுதங்களும் இராணுவத் தளவாடங்களும் ஏற்றுமதி செய்ய இந்திய நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டுள்ள உரிமங்களை ரத்து செய்ய வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை, 2024 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிகளிலிருந்து இஸ்ரேல் 12 மாதங்களுக்குள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் செப்டம்பர் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 124 நாடுகள் ஆதரித்தன. 14 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உள்ளிட்ட 43 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இவ்விரு நாள்களுக்கும் இடையே, செப்டம்பர் 15, கொச்சியின் மட்டாஞ்சேரித் தியாகிகள் நினைவு நாள் வந்து சென்றது.

போரை நிறுத்தும் பொறுப்பு தன்னுடையதல்ல என்கிறது நீதிமன்றம். வாக்குப் பொத்தானைத் தொடாமல் நழுவுகிறது ஒன்றிய அரசு. இந்தியாவின் மனச்சாட்சியாக நின்று இதில் ஐயத்துக்கு இடமின்றிப் பேசியவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள்தாம். போருக்குச் செல்லும் ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று அவர்கள் 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பின் பொருளையும், அது நிலைத்து நிற்கத் தேவையான வலிமை எங்கிருந்து வருகிறது என்பதையும் கட்சி அணிகள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய நேரம் இது.

ஒரு கையில் குண்டு, மறு கையில் சமாதானம்

காஸாவில் கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை 2024 செப்டம்பரிலேயே 41,000ஐத் தாண்டியிருந்தது. செப்டம்பர் 23 அன்று லெபனான் மீது நடத்தப்பட்ட வான்தாக்குதல்களில் ஒரே நாளில் 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தப் பேரழிவு இஸ்ரேலின் சொந்த ஆயுத பலத்தால் மட்டும் நடப்பதன்று. ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2019 முதல் 2023 வரை இஸ்ரேல் இறக்குமதி செய்த பெரும் ஆயுதங்களில் 69 சதவீதத்தை அமெரிக்காவும் 30 சதவீதத்தை ஜெர்மனியும் வழங்கின. 2016இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் இராணுவ உதவி அமெரிக்காவிலிருந்து இஸ்ரேலுக்குச் செல்கிறது. அது போதாதென்று, 2024 ஏப்ரலில் உக்ரைன், இஸ்ரேல், ஆசிய-பசிபிக் வட்டாரம் ஆகியவற்றுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய 9,500 கோடி டாலர் உதவித் தொகுப்பில் இஸ்ரேலுக்கென ஏறத்தாழ 2,600 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

இதே அமெரிக்காதான் போர்நிறுத்தப் பேச்சுவார்த்தையின் நடுவராகவும் அமர்ந்திருக்கிறது. போரை நிறுத்தக் கோரிய தீர்மானங்களை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் தன் மறுப்பாணையால் வீழ்த்தியதும் அதே நாடுதான். குண்டுகளைத் தருபவனே மத்தியஸ்தனாகவும் இருக்கும்போது, பேச்சுவார்த்தை என்பது அடுத்த கப்பல் வந்து சேர்வதற்கான கால அவகாசமாகிறது. பிரிட்டனின் புதிய லேபர் அரசு செப்டம்பர் 2 அன்று இஸ்ரேலுக்கான சுமார் 350 ஆயுத ஏற்றுமதி உரிமங்களில் 30ஐ நிறுத்திவைத்தது. மிகக் குறைவான நடவடிக்கைதான். ஆயினும், தரப்படும் ஆயுதம் சட்டமீறலுக்குப் பயன்படக்கூடும் என்பதை அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளியே ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கிறது.

வாக்குச்சீட்டில் தெரியும் உண்மை

மோடி அரசின் நிலை என்ன? 2023 டிசம்பர் 12 அன்று போர்நிறுத்தம் கோரிய பொதுச்சபைத் தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2024 மே 10 அன்று பாலஸ்தீனத்தின் ஐ.நா. உறுப்புரிமைக் கோரிக்கைக்கும் ஆதரவளித்தது. இவற்றைச் சுட்டிக்காட்டி, இந்தியா தன் பழைய கொள்கையிலிருந்து வழுவவில்லை என்று வெளியுறவு அமைச்சகம் வாதிடுகிறது.

இந்தியா ஒதுங்கிய வாக்கெடுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் ஏப்ரல் 5 அன்று 28 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறிய தீர்மானம், இஸ்ரேலுக்கு ஆயுத விற்பனையை நிறுத்துமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இந்தியா வாக்களிக்கவில்லை. செப்டம்பர் 18 தீர்மானமும், ஆக்கிரமிப்புப் பகுதிகளில் பயன்படுத்தப்படக்கூடிய ஆயுதங்களை வழங்குவதை நிறுத்த நடவடிக்கை எடுக்குமாறு கோருகிறது. இந்தியா வாக்களிக்கவில்லை. பாலஸ்தீனத்துக்கு அனுதாபம் தெரிவிக்க வேண்டிய இடத்தில் கை உயர்கிறது. ஆயுதத்தைப் பற்றிய பேச்சு வந்தவுடன் கை இறங்கிவிடுகிறது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கில் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸைச் சந்தித்துக் காஸா நிலைமை குறித்துக் கவலை தெரிவித்தார் பிரதமர். அதற்கு நான்கு நாள் முன்புதான் அதே நகரில் அவருடைய அரசு ஒதுங்கி நின்றிருந்தது.

1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு இந்தியா. 1988இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது. 2019 முதல் 2023 வரையோ இஸ்ரேலின் ஆயுத ஏற்றுமதியில் 37 சதவீதத்தை வாங்கி, அதன் மிகப் பெரிய வாடிக்கையாளராக நின்றது. இந்திய மக்களின் வரிப்பணம் இஸ்ரேலின் ஆயுத ஆலைகளை ஓட வைக்கிறது. வாங்குவது மட்டுமின்றி விற்பதும் தொடங்கிவிட்டது. அதானி குழுமமும் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனமும் இணைந்து 2018இல் ஹைதராபாத்தில் திறந்த ஆலையில் தயாரான ஹெர்மெஸ் 900 ரக ஆளில்லா விமானங்கள் 20க்கும் மேற்பட்டவை இஸ்ரேலுக்கு அனுப்பப்பட்டதாக 2024 பிப்ரவரியில் செய்திகள் வெளியாயின. இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகமும் 2023 ஜனவரி முதல் அதானி குழுமம் பெரும்பங்கு வகிக்கும் கூட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சரக்கும் அவர்களுடையது, அது சென்று சேரும் துறைமுகமும் அவர்களுடையது.

2024 மே மாதம், சென்னையிலிருந்து ஏறத்தாழ 27 டன் வெடிபொருளுடன் ஹைஃபா நோக்கிச் சென்ற மரியன் டானிகா என்ற கப்பலைத் தன் கார்ட்டஹேனா துறைமுகத்தில் நிற்க விடாமல் திருப்பி அனுப்பியது ஸ்பெயின். மத்தியக் கிழக்குக்கு இப்போது தேவை அமைதியே, மேலும் ஆயுதங்கள் அல்ல என்பது அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் கூறிய காரணம். காந்தியின் நாட்டிலிருந்து புறப்பட்ட கப்பலுக்கு அமைதியைப் பற்றி நேட்டோ உறுப்பு நாடு ஒன்று பாடம் சொல்ல வேண்டியதாயிற்று. உக்ரைன் போரிலும் இதே கதை கேட்கிறது. இந்தியாவில் தயாரான பீரங்கிக் குண்டுகள் ஐரோப்பிய நாடுகள் வழியாக உக்ரைனைச் சென்றடைந்ததாக ராய்ட்டர்ஸ் நிறுவனம் செப்டம்பர் 19 அன்று செய்தி வெளியிட்டது. அரசு அதை ஊகம் என்று மறுத்தது. ஏற்றுமதி உரிமங்களின் விவரத்தை நாடாளுமன்றத்தின் முன் வைத்துவிட்டால் மறுப்புக்கும் ஊகத்துக்கும் இடமே இருக்காது. அதைச் செய்ய அரசு முன்வரவில்லை.

தமிழ் மக்களுக்கு இவற்றில் எதுவும் புதிதன்று. இலங்கையின் உள்நாட்டுப் போரில் தமிழர் பகுதிகள் மீது குண்டு பொழிந்த கிபிர் விமானங்கள் இஸ்ரேலிலிருந்து வந்தவை. சீனாவும் பாகிஸ்தானும் ஆயுதங்கள் தந்தன. இந்தியா ரேடார் கருவிகள் தந்தது. ஒருவருக்கொருவர் பகைவரான நாடுகள் கொழும்புக்கு உதவுவதில் மட்டும் ஒன்றுபட்டன. முள்ளிவாய்க்காலின் புகை அடங்குவதற்குள், 2009 மே 27 அன்று மனித உரிமைகள் பேரவையில் கொழும்பு அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. பயங்கரவாத எதிர்ப்பு என்ற ஒற்றைச் சொல்லின் நிழலில் குடிமக்களின் சாவு எப்படிக் கணக்கிலிருந்து மறைகிறது என்பதை வன்னி அறிந்தது. இன்று காஸா அறிகிறது.

நீதிமன்றம் மூடிய கதவு

ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அறிஞர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் சேர்ந்து தொடுத்த மனுவில், பொதுத்துறை நிறுவனமான மியூனிஷன்ஸ் இந்தியா, பிரீமியர் எக்ஸ்ப்ளோசிவ்ஸ், அதானி குழும நிறுவனம் ஆகியவை குறிப்பிடப்பட்டிருந்தன. இனப்படுகொலை தடுப்பு உடன்படிக்கையை இந்தியா 1959இல் ஏற்றுக்கொண்டதையும், சர்வதேசச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஆவது பிரிவு அரசுக்கு வழிகாட்டுவதையும் மனுதாரர் தரப்பு எடுத்துரைத்தது. காஸா மக்களுக்கு ஈடுசெய்ய இயலாத கேடு நேரும் ஆபத்து உண்டு என்று கருதி, இஸ்ரேலுக்கு எதிராக இடைக்கால உத்தரவுகளைச் சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்றே பிறப்பித்துவிட்டது. ஏப்ரல் 30 அன்று, ஜெர்மனிக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் இடைக்கால உத்தரவு தர மறுத்தபோதும், போரில் ஈடுபட்டுள்ளோருக்கு ஆயுதம் வழங்குவதில் எல்லா நாடுகளுக்கும் உள்ள கடமைகளை அது நினைவூட்டியது.

இந்திய உச்ச நீதிமன்றமோ, வெளியுறவுக் கொள்கை ஒன்றிய அரசின் அதிகார எல்லைக்குள் வருவது, இறையாண்மை கொண்ட நாடான இஸ்ரேல் இந்திய நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதன்று, ஒப்பந்தங்களை நிறுத்தினால் இந்திய நிறுவனங்கள் மீது வழக்கு வரலாம் என்ற காரணங்களைக் கூறி மனுவைத் தள்ளியது. கேள்வி இஸ்ரேலைத் தண்டிப்பது பற்றியதன்று. இந்திய அரசு இந்திய நிறுவனங்களுக்கு வழங்கும் உரிமத்தைப் பற்றியது. ஒரு நிறுவனம் ஒப்பந்த மீறலுக்காக வழக்கைச் சந்திக்கும் அபாயத்தை நீதிமன்றம் எடைபோட்டது. தராசின் மறுதட்டில் காஸாவின் குழந்தைகள் வைக்கப்படவேயில்லை.

ஏற்ற மறுக்கும் கைகள்

இந்தப் பின்னணியில்தான் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் பிப்ரவரி அறிவிப்பை நோக்க வேண்டும். 11 பெருந்துறைமுகங்களில் சுமார் 3,500 தொழிலாளர்களைக் கொண்ட இந்தச் சம்மேளனம், பாலஸ்தீனத் தொழிற்சங்கங்களின் வேண்டுகோளை ஏற்று, போருக்கான ஆயுதச் சரக்கைக் கையாள மறுப்பதென முடிவெடுத்தது. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லும் கருவிகளில் தங்கள் வியர்வை கலக்கக் கூடாது என்ற எளிய நியாயம் அதன் அடிப்படை.

அயலுறவுக் கொள்கையைக் கூலித் தொழிலாளி தீர்மானிப்பதா என்று முதலாளித்துவ ஊடகங்கள் ஏளனம் செய்யக்கூடும். இந்திய விடுதலையின் வரலாறே அதற்குப் பதில் தரும். 1945இல் இந்தோனேசிய விடுதலையை நசுக்க டச்சுக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல்களை அனுப்ப முயன்றபோது, சிட்னியின் துறைமுகத் தொழிலாளர்களோடு இந்தியக் கடலோடிகளும் வேலை செய்ய மறுத்துக் கரையிறங்கினார்கள். 1946 பிப்ரவரியில் கடற்படை எழுச்சியில் கிளர்ந்தெழுந்த மாலுமிகளின் கோரிக்கைகளுள் ஒன்று, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது. இந்தியாவுக்குச் சொந்தமாக ஒரு வெளியுறவு அமைச்சகம் தோன்றுமுன்பே அதன் வெளியுறவுக் கொள்கையைத் தொழிலாளிகளும் மாலுமிகளும் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

கேரளத்திலும் இதற்கு அண்மைச் சான்று உண்டு. கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்பில் இயங்கும் ஆடை நிறுவனம் ஒன்று இஸ்ரேல் காவல்துறைக்குப் பல ஆண்டுகளாகச் சீருடை தைத்து அனுப்பிவந்தது. அமைதி திரும்பும்வரை புதிய ஆர்டர்களை ஏற்பதில்லை என்று அது 2023 அக்டோபரில் முடிவெடுத்தது. தையல் ஆலை ஒன்றுக்கு இருந்த துணிவு, 2023-24இல் 21,083 கோடி ரூபாய்க்கு ஆயுதத் தளவாடங்களை ஏற்றுமதி செய்ததைச் சாதனையாகக் கொண்டாடும் அரசுக்கு இல்லை.

மட்டாஞ்சேரி சொல்வது என்ன?

ஒரு சரக்கை ஏற்ற முடியாது என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு இயல்பாக வாய்த்ததன்று. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா முறை நிலவியது. அன்றன்று வேலை தேடிக் கூடியிருக்கும் கூட்டத்தின் நடுவே மூப்பன் உலோக வில்லைகளை வீசி எறிவான். முண்டியடித்து, ஒருவரையொருவர் மிதித்து, வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவனின் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த வில்லைக்காகச் சக தொழிலாளியின் மேல் விழுந்து புரண்டவனால், கப்பலில் ஏறுவது அரிசியா வெடிமருந்தா என்று எப்படிக் கேட்டிருக்க முடியும்?

அந்த இழிவை ஒழிக்கக் கோரி 1953இல் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 15 அன்று, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலக் காங்கிரஸ் ஆட்சியின் காவல்துறை மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைதுவும் சைதலவியும் குண்டுகளுக்குப் பலியானார்கள். ஆண்டனி காவல்துறையின் சித்திரவதைக்குப் பலியானார். அவர்களின் மத அடையாளங்கள் வேறு வேறாக இருந்தன. கோரிக்கை ஒன்றாக இருந்தது. அந்தத் தியாகத்தின் தொடர்ச்சியாகவே, 1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் வாக்களித்திருந்த பதிவும் முறைவேலையும் கொச்சித் தொழிலாளிக்குக் கைகூடின. நாளை வேலை உண்டு என்ற உறுதி கிடைத்த பிறகுதான் இன்று மறுப்பதற்கான துணிவும் பிறந்தது.

அந்த உறுதி இப்போது கரைக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகாரசபைச் சட்டம், துறைமுகங்களை நிலத்தை வாடகைக்கு விடும் உரிமையாளராகச் சுருக்கி, சரக்கு கையாளும் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்க வழிசெய்கிறது. கொச்சியிலேயே வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையம் 2011 முதல் துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனத்தால் இயக்கப்படுகிறது. காட்டுப்பள்ளியும் காரைக்காலும் அதானி குழுமத்தின் கைக்குச் சென்றுவிட்டன. முத்திரையிட்ட பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறிய ஒப்பந்தத் தொழிலாளிக்கு வழியில்லை. அறிந்தாலும் மறுத்துவிட்டு மறுநாள் வாயிலுக்குள் நுழைய முடியாது. எந்த வேலைநிறுத்தத்துக்கும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிற தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில், அறிவிப்புக் காலம் முடியுமுன் கப்பல் சூயஸைத் தாண்டிவிடும். மூப்பன் வீசிய வில்லை, ஒப்பந்ததாரர் தரும் நுழைவு அட்டையாக உருமாறித் திரும்புகிறது.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கும்பளங்கி போன்ற ஊர்களுக்கு இந்தப் போர் தொலைவில் நடக்கும் செய்தியன்று. சீன வலைகளையும் பொக்காளி வயல்களையும் காணச் சுற்றுலாப் பயணிகள் வரும் இக்கரையோரங்களில், மீனும் இறாலும்தாம் எளியவர்களின் வாழ்வாதாரம். காஸா போரைத் தொடர்ந்து 2023 இறுதி முதல் செங்கடல் வழி ஆபத்துக்குள்ளாகிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கியபோது, கொச்சியின் கடலுணவு ஏற்றுமதிக்கான கப்பல் கட்டணமும் பயண நாள்களும் கூடின. ஏற்றுமதியாளர் தம் கணக்கைச் சரிக்கட்டும்போது, அந்தச் சுமை படகுக்காரனின் மீன் விலையிலும் இறால் உரிக்கும் கூடங்களில் எடைக் கணக்கில் கூலி பெறும் பெண்ணின் கையிலும்தான் வந்து இறங்கும். ஆயுத ஏற்றுமதியின் லாபம் ஹைதராபாத்துக்கும் அகமதாபாத்துக்கும் செல்கிறது. போரின் விலையைக் காயலோரம் செலுத்துகிறது.

ஆயுதத்தோடு ஆள்களையும் அனுப்புகிறது அரசு. 2023 அக்டோபருக்குப் பின் பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதிச் சீட்டுகளை இஸ்ரேல் பறித்தது. அவர்களுடைய இடத்தை நிரப்ப 2024 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் அரசு முன்னின்று ஆளெடுத்தது. 2024 மார்ச் 4 அன்று வட இஸ்ரேலில் விழுந்த ஏவுகணைக்குக் கேரளத்தைச் சேர்ந்த ஒரு விவசாயத் தொழிலாளி பலியானார். உள்நாட்டில் வேலை தராத அரசு, வேலையின்மையையே போருக்குச் செய்யும் உதவியாக மாற்றியிருக்கிறது. ஆயுத ஆலைகள் வேலை தருகின்றனவே என்ற வாதத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறர் வீட்டுச் சாவில்தான் தன் பிள்ளைக்குச் சோறு என்ற நிலையைத் தொழிலாளி தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வேறு வழியில்லாதபடி அவன் அதற்குள் தள்ளப்படுகிறான்.

செய்ய வேண்டியது

இஸ்ரேலுக்கான எல்லா ஆயுத ஏற்றுமதி உரிமங்களும் உடனே ரத்து செய்யப்பட வேண்டும். இஸ்ரேலிடமிருந்து ஆயுதம் வாங்குவது நிறுத்தப்பட வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்த நிறுவனம், எவ்வளவு இராணுவத் தளவாடம் ஏற்றுமதி செய்கிறது என்ற விவரம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இராணுவச் சரக்கு பற்றிய தகவலைத் துறைமுகத் தொழிற்சங்கங்கள் முன்கூட்டிப் பெறவும், அதைக் கையாள மறுக்கும் தொழிலாளி தண்டிக்கப்படாமல் இருக்கவும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளில் கடைசி இரண்டும் முதல் மூன்றோடு ஒட்டாதவை போலத் தோன்றலாம். பாலஸ்தீன ஒருமைப்பாட்டுக் கூட்டம் ஒரு பக்கம், ஒப்பந்தத் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்ப்பது மறுபக்கம் என்று பிரித்து நடத்தும் வழக்கம் அமைப்புகளில் உண்டு. மட்டாஞ்சேரியின் அனுபவம் அந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. 2024 ஆகஸ்டில் நாடு தழுவிய வேலைநிறுத்த அறிவிப்பால் துறைமுகத் தொழிலாளர்கள் 8.5 சதவீத ஊதிய உயர்வை வென்றெடுத்தார்கள். அந்த ஒற்றுமை தனியார் முனையங்களின் ஒப்பந்தத் தொழிலாளியையும் சென்றடையும் அளவுக்கே பிப்ரவரி அறிவிப்பும் நடைமுறை பலம் பெறும். சென்னை, எண்ணூர், தூத்துக்குடி, கொச்சித் துறைமுகப் பகுதிகளில் செயல்படும் கட்சிக் கிளைகள் இதை வரும் மாதங்களின் முதன்மைப் பணியாகக் கொள்ள வேண்டும். முனையங்களின் வாயில்களில் கூட்டங்கள் நடக்க வேண்டும். சரக்குப் பட்டியலைப் படித்தறியவும் ஆபத்தான சரக்குக்கான குறியீடுகளை அடையாளம் காணவும் இளம் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரப்பட வேண்டும். மீனவர், இறால் உரிக்கும் பெண்கள், லாரி ஓட்டுநர்கள் ஆகியோரிடம் இந்தப் போரின் விலை எப்படி அவர்கள் கூலியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை எண்களோடு விளக்க வேண்டும்.

சைதுவும் சைதலவியும் ஆண்டனியும் ஒரு உலோக வில்லையின் அடிமைத்தனத்திலிருந்து தொழிலாளியின் கையை விடுவிக்க உயிர் கொடுத்தார்கள். விடுதலை பெற்ற அந்தக் கைகள் படுகொலைக்கான சரக்கைத் தொட மறுக்கும் நிலை இந்தியாவின் ஒவ்வொரு துறைமுகத்திலும் வர வேண்டும். மட்டாஞ்சேரித் தியாகிகளுக்குச் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.